இடிந்த மடத்தைக் கட்ட உதவிய பியர்

கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்த என் மச்சான் பெல்ஜியத்திலிருந்து வந்திருந்தார். செவ்வாய்க்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பயணப்பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்தார். "மச்சான், இது துறவிமாரின்ர மடத்துப் பியர்" என்றார். போத்தலில் ஓர்வல் என்ற பெயர் இருந்தது.

நிறம் செம்மஞ்சள், நுரை தடிப்பு. முதல் மிடறில் தோடம்பழத் தோலின் மணம், பிறகு கசப்பு, கடைசியில் வறண்ட புளிப்பு. வெயில் ஏறிய பின் பிளாவில் குடிக்கும் பனங்கள்ளின் புளிப்புக்கு அது கிட்ட நின்றது.

காரணம் நொதியம். நாம் பழகிய லாகர் பியர் குளிரில் மெதுவாக நொதிப்பது. மடத்துப் பியர்கள் 'ஏல்' வகை; சற்று வெப்பத்தில் நொதிப்பவை. அவற்றில் டுபெல் கறுப்பும் இனிப்புமானது. டிரிபெல் பொன்னிறமும் காரமுமானது. ஓர்வல் இரண்டிலும் சேராது. முதல் நொதிப்பு முடிந்த பின் அதில் பிரெட்டனோமைசீஸ் என்ற காட்டு நொதியத்தைச் சேர்க்கிறார்கள். அது போத்தலுக்குள்ளும் வேலை செய்வதால், புதிய போத்தலுக்கும் ஒரு வருடம் கிடந்த போத்தலுக்கும் சுவை வேறு. மதுச்செறிவு 6.2 வீதம். கள்ளில் நொதியம் காற்றிலிருந்தும் முட்டியிலிருந்தும் தானே சேர்கிறது. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் நொதிப்பு அடங்கிக் கருப்பநீர் கிடைக்கும்.

மடத்துப் பாணிப் பியரை எந்தச் சிறு வடிசாலையும் காய்ச்சலாம். 'டிராப்பிஸ்ட்' முத்திரைக்கு மட்டும் மூன்று நிபந்தனைகள் உண்டு: மடத்து மதிலுக்குள் அல்லது அதன் அருகில் காய்ச்ச வேண்டும், துறவிகளின் மேற்பார்வை வேண்டும், வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும்.

ஓர்வலின் கதை எங்களைப் போன்றவர்களுக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டிலிருந்து சிஸ்டேர்சியன் துறவிகள் வாழ்ந்த அந்த மடத்தை 1793இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் எரித்தன. 130 வருடங்களுக்கு மேல் இடிபாடாகக் கிடந்தது. 1926இல் மீளக் கட்டத் தொடங்கினார்கள். பணம் வேண்டியிருந்தது. 1931இல் அதற்காகவே வடிசாலை அமைத்தார்கள். 1948இல் கட்டுமானம் நிறைவு பெற்றது. இடிந்த பழைய சுவர்களும் புதிய மடத்தின் பக்கத்திலேயே நிற்கின்றன.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் சிதைந்த எங்கள் கோயில் அதே வருடம் ஜூனில் திறக்கப்பட்டது. வன்னியில் இடிந்தவை பலவற்றுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை.

போருக்குப் பின் மதுவால் நொந்த குடும்பங்கள் எம்மிடையே அதிகம். ஆகவே, குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதே என் கேள்வி. வடக்கிலும் அதற்கான அமைப்பு உண்டு. 1970களில் தவறணைகள் குத்தகைக்காரரிடமிருந்து சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மாறின. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. பிறகு செல்லடியிலும் பங்கர் அமைக்கத் தறித்ததிலும் பனைகள் அழிந்தன.

மச்சான் வெற்றுப் போத்தலைக் கழுவி வைத்தார். ஊருக்குப் போனால் அதில் கருப்பநீர் கொண்டுவருவதாகச் சொன்னார். மரம் ஏற இப்போது அங்கே ஆள் இருக்கிறதா என்று அம்மா கேட்டார்.