வத்திராயிருப்புப் பையனின் மிதவை

பேரனின் பள்ளிக் கண்காட்சிக்காக எரிமலை மாதிரி செய்தோம். செய்தோம் என்றால், நானும் அவன் அப்பாவும் செய்தோம், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "இதெல்லாம் செஞ்சா பிள்ளை விஞ்ஞானி ஆயிடுவானா மாமா?" என்று மருமகள் கேட்டாள். எனக்கு நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

கே.எஸ். கிருஷ்ணன் 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1928-ல் ராமன் விளைவுச் சோதனைகளில் ராமனோடு கூட நின்றவர். 1940-ல் எஃப்.ஆர்.எஸ்.; பிறகு டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளியில் படித்தபோது ஆர்க்கிமிடீஸ் தத்துவமும் அடர்த்தியும் பாடமாக வந்தன. பையன் அதோடு விடவில்லை. அடர்த்தியை அளக்க ஒரு கருவியைத் தானே யோசித்து அமைத்தான். கல்லூரிக்குப் போன பிறகுதான் அதற்கு நிக்கல்சன் ஹைட்ரோமீட்டர் என்று பெயர் இருப்பது தெரிந்தது.

அது நீரில் நிமிர்ந்து மிதக்கும் உருளை. மேலே ஒரு தட்டு, அடியில் ஒரு தட்டு. ஒரு கோடு வரை அமிழ எவ்வளவு எடை வைக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். கல்லை மேல் தட்டில் வைத்து ஒரு முறை, கீழ்த் தட்டில் வைத்து ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கல் விலக்கிய நீரின் எடை. நிக்கல்சன் இதைச் செய்து நூறு வருஷம் தாண்டியிருந்தது. உலகத்துக்குப் பழசு, பையனுக்குப் புதுசு.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியிலும் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு வகுப்பு, பொருள்களைப் பார்த்துப் படிப்பது. ஈரப் பஞ்சில் அவரை விதை போடுவோம். வாத்தியார் பலகையில் வரைந்ததை நோட்டில் வரைவோம். முளைக்காத விதையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் ஃபைல் கட்டப் போனேன்.

கைவேலை மட்டும் போதும் என்றால் சிவகாசியில் தெருவுக்கு ஒரு ரசாயன மேதை இருந்திருக்க வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதன்பின் எத்தனையோ பிள்ளைகள் கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். கந்தகமும் பொட்டாசியம் குளோரேட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஏன் பற்றுகிறது என்று நின்று கேட்டால் அன்றைய கூலி குறையும். 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிச் சிறுவரை வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குள் எத்தனை பேர் வளர்ந்து முடித்துவிட்டார்கள்!

கண்காட்சிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வினிகருக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் எரிமலை பொங்குமா என்று நேற்று ராத்திரி பேரன் கேட்டான். காலையில் பழம் வாங்கப் போக வேண்டும்.