பந்து வெளியே போகாத மைதானம்

நோர்வேயில் சிறுபிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சியாளர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் அந்த அணியிலுள்ள ஒரு பிள்ளையின் தாயோ தகப்பனோதான். சம்பளம் கிடையாது. ஒஸ்லோவின் கிழக்கே குரூருட் பள்ளத்தாக்கில் என் மகளின் அணி என் தலையில் விழுந்ததும் அப்படித்தான். பெற்றோர் கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. பார்வையைத் தாழ்த்தப் பிந்தியவன் நான்.

இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடினால் யுத்தகாலத்துக்குப் போக வேண்டும். 1940இல் நாட்டைப் பிடித்த ஜெர்மானியரின் ஆட்சி விளையாட்டுக் கழகங்களையும் தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்த்தது. வீரர்கள் ஆட மறுத்தார்கள்; விடுதலை வரைக்கும் அந்தப் பகிஷ்கரிப்பு நீடித்தது. தொழிலாளருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று முன்பு பிரிந்து கிடந்த சம்மேளனங்கள் 1946இல் ஒன்றாயின. ஆட்ட முடிவுகளை ஊகித்துப் பணம் கட்டும் அரச பந்தயத்துக்குச் சட்டம் வந்ததும் அதே வருஷம். 1948இல் முதல் சீட்டுகள் விற்பனைக்கு வந்தன. இலாபத்தில் ஒரு பங்கு விளையாட்டுக்குப் போனது. புல்லும் விளக்கும் பந்தயக் காசில் வந்தன என்று வையுங்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆள்? அதற்குக் கைகொடுத்தது டுக்னாட். கூரை வேயவும் அறுவடைக்கும் அயலவர் கூடி இனாமாக உழைக்கும் பழைய கிராமத்து வழக்கம், அப்படியே மைதானத்துக்குக் குடிவந்துவிட்டது. இன்றைக்கு அதன் பிரதான பண்டம் கழிவறைக் கடதாசி. மொத்தமாக வாங்கி, பிள்ளைகளும் பெற்றோரும் கதவு கதவாகத் தட்டி விற்று, அணிக்குக் காசு சேர்ப்போம். எங்கள் நிலவறையில் சைக்கிள் வைக்க இடமில்லை.

எங்கள் தமிழ் ஆட்கள் இதற்குள் வரக் காலம் எடுத்தது. எண்பதுகளில் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்றவர்கள், பிறகு ஒஸ்லோவில் இரண்டு வேலை பார்த்தவர்கள், பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிட்டு ஓடினார்கள். கோப்பிக் குவளையோடு ஓரத்தில் நின்ற வெள்ளைக்காரத் தகப்பன்மாரைப் பார்த்து, "வேலைவெட்டி இல்லாமல் நிக்கினம்" என்றவர்களும் உண்டு.

உண்மையில் அந்த ஓரத்தில்தான் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1987இல் நாட்டின் விளையாட்டுச் சம்மேளனம் சிறுவர் விளையாட்டுக்கென்று விதிகள் வகுத்தது; 2007இல் அவை பிள்ளைகளின் உரிமைகளாகவும் எழுதப்பட்டன. இன்றைய விதிப்படி பதினொரு வயது வரை புள்ளிப் பட்டியல் இல்லை, பதின்மூன்று வரை தேசிய சாம்பியன் பட்டம் இல்லை. பரிசு கொடுத்தால் சிறிசுகள் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். உதைபந்தில் இன்னும் ஒரு படி மேலே: ஓர் அணி நான்கு கோல் முன்னுக்கு நின்றால், மற்ற அணி ஒரு பிள்ளையை மேலதிகமாக இறக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு இது இலேசில் செரிக்காது. அங்கே உதைபந்து என்றால் ஊர்க் கழகம், ஒலிபெருக்கி, இறுதியாட்டம், கிண்ணம். பொடியளுக்குக் கிடைத்த வேலை, பனங்கூடலுக்குள் போன பந்தைத் தேடி எடுத்து வருவது. இங்கே 2017 முதல் ஆறு, ஏழு வயதினர் மூவர் மூவராக ஆடுகிறார்கள். கோல் காப்பாளர் இல்லை. சுற்றிவரத் தாழ்ந்த தடுப்பு. பந்து வெளியே போவதே அரிது. மூன்று பேரில் ஒருவரை ஒளித்துவைக்கவும் முடியாது: பந்துக்குப் பயப்படுகிற பிள்ளையின் காலிலும் அது வந்து முட்டும். இந்த விளையாட்டைப் பிள்ளைகளுக்காக யோசித்தவர்கள் செய்த மிகக் கெட்டிக்கார வேலை இதுதான் என்பேன்.

புள்ளிப் பட்டியல் வேண்டாம் என்ற விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. போன வசந்தத்தில் ஒரு தாய் கேட்டார்: "அண்ணை, இப்ப எத்தினைக்கு எத்தினை?"

"நாங்கள் கணக்கு வைக்கிறேல்லைத் தங்கச்சி."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து என் மகள் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்: "ஆறுக்கு நாலு!"

2009 முதல் பிள்ளைகளோடு பழகும் பயிற்சியாளர்கள் பொலிஸ் சான்றிதழ் காட்டவேண்டும். சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. கவலை வேறிடத்தில். வசதியான பகுதிகளில் சில கழகங்கள் சின்ன வகுப்புகளுக்கே சம்பளப் பயிற்சியாளர்களை வைக்கின்றன. கட்டணமும் அதோடு ஏறுகிறது. அதைக் கட்ட முடியாத வீடுகள் எங்கள் பள்ளத்தாக்கில் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் கடதாசி விற்றுக்கொண்டிருக்கிறோம்.