கடல்கட்டியும் பெனல்டியும்

பெனல்டி அடிக்கப் போகிறவனுக்கு எங்கட கிரவுண்டில் கிடைக்கிற ஒரே பயிற்சி ஒரு சத்தம்தான்: "டேய், கவனமா அடி!" பந்து கீப்பரின் கைக்கே போய்ச் சேர்ந்தால் அடுத்த சத்தம்: "மனசு எங்கடா இருந்திச்சு?" புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பந்தடித்து வளர்ந்த எங்களுக்கு இரண்டுமே பழக்கம். மனசு எங்கே இருக்க வேண்டும், அதை அங்கே எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆனால் இதே கரையில் ஒரு காலத்தில் அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருந்தது.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் சிலாவத்துறைக்கு எதிரே மட்டும் இருக்கவில்லை. தெற்கே காரைதீவு, சிலாபம் என்று எங்கள் மாவட்டக் கரைக்கு எதிரேயும் இருந்தன. சிலாபத்தின் பெயரையே முத்துக்குளிப்பைக் குறிக்கிற 'சலாபம்' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு.

குளிப்பவரின் வேலையை யோசித்துப் பாருங்கள். கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்க வேண்டும். கையில் இருப்பது ஒரு நிமிடம் அளவு மூச்சு. அதற்குள் சிப்பிகளைத் தேடி, பிடுங்கி, வலைப்பைக்குள் போட வேண்டும். கூலி காசாக இல்லை, அள்ளிய சிப்பியில் ஒரு பங்கு. பக்கத்து வள்ளமும் அதே பாரில்தான் அள்ளுகிறது. சுறாவும் அங்கேதான் திரிகிறது. ஒரு நொடி மனசு சுறாவிடம் போனால் கை சிப்பியில் இருக்காது.

இதற்குத்தான் 'கடல்கட்டி' இருந்தார். குளிப்பு நடக்கும் நாட்களில் மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். ராபர்ட் பெர்சிவல் 1803-இலும் எமர்சன் டெனன்ட் 1859-இலும் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல்களில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் இதை மூடநம்பிக்கை என்றுதான் எழுதினார்கள். ஆனாலும் அரசாங்கமே கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தது. காரணம் லேசானது: அவர் இல்லாமல் குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்.

அவர் சுறாவைக் கட்டவில்லை. குளிப்பவரின் பயத்தைக் கட்டினார் என்று நாங்கள் நினைக்கிறோம். இன்னொருவர் வள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று முத்துக்குளிப்பைப் பற்றிப் பரவலாக ஒரு பேச்சு உண்டு. மேலே ஏறுகிற கவலை மச்சானுக்கு, சுறாவின் கவலை கடல்கட்டிக்கு. மிச்சமிருந்த சிப்பி மட்டும்தான் குளிப்பவருக்கு. அப்படிப் பார்த்தால் கவனம் என்பது தனியாளின் கெட்டித்தனம் இல்லை. அவனைச் சுற்றி நிற்பவர்கள் செய்து கொடுக்கிற ஒன்று.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. சிப்பியில் பெரும் பங்கு போனது அரசாங்கத்துக்கு. காதிலும் மூக்கிலும் இரத்தம் வந்தது குளித்தவருக்கு. பயத்தைக் கட்டியது யாருடைய லாபத்துக்காக என்று கேட்கத்தான் வேண்டும். கப்புக்காகக் காயத்தோடு பிள்ளைகளை இறக்கிவிடுகிற கோச்மாரிடமும் அதே கேள்வி இருக்கிறது.

விளையாட்டு வீரரின் மனசை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனது பிறகுதான் நடந்தது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் 1925-இல் அப்படி ஒரு கூடம் தொடங்கினார். எங்களுக்கு நெருக்கமானது 2009-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெனல்டி பற்றி வெளியிட்ட ஆய்வு. அடிப்பவரின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். பதற்றம் வந்ததும் கண் கீப்பரிடம் சீக்கிரமாகப் போகிறது, அங்கேயே கூடுதல் நேரம் நிற்கிறது. பந்தும் அவர் பக்கமே போகிறது. கீப்பர்தான் சுறா!

"கவனம்" என்று கத்துவதால் கண் மூலைக்குத் திரும்பாது. எந்த மூலை என்று பந்தை வைக்கும் முன்பே முடிவெடுப்பது, அந்த இடத்தைப் பார்ப்பது, ஒரு மூச்சு விட்டு ஓடுவது: இதைப் பழக்க வேண்டும். களைத்த பிறகும், கூட்டாளிமார் கூக்குரல் போடும்போதும் பழக்க வேண்டும்.

பெரிய இடங்களில் இதற்கு இப்போதும் ஆள் இருக்கிறது. 2024-இல் சிங்கப்பூரில் உலக செஸ் பட்டத்துக்கு விளையாடிய சென்னைப் பையன் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 14-வது ஆட்டத்தில் வென்று 18 வயதில் சாம்பியன் ஆனார். அவருக்குப் பின்னால் பாடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளர் இருந்தார். 2011-இல் உலகக் கிண்ணம் வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு வேலை செய்தவரும் அவர்தான்.

எங்கட கிரவுண்டுக்கு அப்டன் வரப் போவதில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கிற நாங்கள் இருக்கிறோம். அடுத்த மெட்சில் பெனல்டி அடிக்கப் போகிறவனிடம் கத்த வேண்டாம். கிட்டப் போய், மெதுவாக, ஒரு கேள்வி மட்டும் கேட்போம்: "எந்த மூலை என்று முடிவெடுத்திட்டியா, மச்சான்?"