வடபுலத்தார் வணங்கிய இடித் தேவன்

தமிழர் வியாழக்கிழமை என வழங்கும் நாளை ஆங்கிலேயர் ‘தேர்ஸ்டே’ என்றும், ஜேர்மானியர் ‘டொனர்ஸ்டாக்’ என்றும் வழங்குவர். கிழமையின் ஏழு நாள்களுக்கும் கோள்களின் பெயரிட்ட பண்டை முறையிலே இந்நாள் வியாழனுக்கு, அஃதாவது உரோமர் யூப்பிற்றர் என வணங்கிய வான் தெய்வத்துக்கு, உரியதாயிற்று. உரோமரிடமிருந்து வாரக் கணக்கை ஏற்ற வட ஐரோப்பிய மக்கள் யூப்பிற்றருக்கு ஈடாகத் தம் தெய்வம் ஒன்றன் பெயரை அந்நாளுக்கு இட்டனர். அத்தெய்வமே இடித் தேவன். பழைய ஆங்கிலத்தில் அவன் பெயர் ‘துனோர்’, ஜேர்மானியரிடையே ‘டோனார்’, நோர்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் ‘தோர்’. இப்பெயர்கள் யாவும் இடி எனப் பொருள்படும் ஒரு மூலச் சொல்லினின்று பிறந்தவை.

தோரைப் பற்றிய கதைகளுட் பெரும்பாலன ஐஸ்லாந்து நூல்கள் வாயிலாகவே கிடைத்துள்ளன. அவற்றுள் தலையாயது ஸ்நோரி ஸ்தூர்லுசன் என்பார் 1220ஆம் ஆண்டளவில் எழுதிய ‘எட்டா’ என்னும் நூல். அதன்படி தேவர்களுக்குத் தலைவன் ஓடின். அவனுக்கும் நிலமகளுக்கும் பிறந்த மைந்தன் தோர். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் இழுக்கும் தேரிலே செல்பவன். ‘மியொல்னிர்’ என்னும் சம்மட்டியை எறிந்து அரக்கரை மாய்ப்பவன். உலகைச் சுற்றிக் கடலிற் கிடக்கும் பெரும் பாம்புக்குப் பகைவன். ஆயினும், களவு போன சம்மட்டியை மீட்பதற்காக அவன் மணப்பெண் வேடம் பூண்டான் என நகையாடும் பாடலும் உண்டு.

இந்நூல்களை மட்டும் கற்போர் ஓடினே வடபுலச் சமயத்தின் நடுநாயகம் எனக் கொள்வர். ஆனால் ஓடின் அரசர்க்கும் போர்வீரர்க்கும் புலவர்க்கும் உரிய தெய்வம். பழங்கதைகளைப் பாடிக் காத்தவர் பெரும்பாலும் அரசவைப் புலவர். அவர்கள் தம் தெய்வத்தை முதலில் வைத்தமை வியப்பன்று. பொதுமக்கள் எத்தெய்வத்தை நாடினர் என்பதை அறிய வேறு சான்றுகளைத் தேடல் வேண்டும்.

11ஆம் நூற்றாண்டில் பிரேமன் நகரத்து ஆதாம் என்னும் கிறித்தவக் குரு சுவீடனின் உப்சாலாக் கோயிலைப் பற்றி எழுதினார். அங்கே மூன்று திருவுருவங்களுள் வலிமை மிக்க தோரே நடுவில் வீற்றிருந்தான் என்றும், இடி, மின்னல், காற்று, மழை, விளைச்சல் ஆகியவற்றை அவன் ஆண்டான் என்றும், கொள்ளைநோயும் பஞ்சமும் வந்தபோது அவனுக்கே பலியிட்டனர் என்றும் அவர் கூறுகின்றார். அவர் அக்கோயிலை நேரிற் கண்டவரல்லர். எனவே அவர் கூற்றை முழுவதும் நம்புதல் அரிது. ஆயினும் பிற சான்றுகள் அதற்கு அரண் செய்கின்றன. ஐஸ்லாந்திற் குடியேறியோரின் பெயர்களுள் தோரின் பெயரை முன்னடையாகக் கொண்டவை மிகப் பல. டென்மார்க்கிலுள்ள கிளாவன்றுப் நினைவுக்கல்லிலே, பொறித்த எழுத்துக்களைத் தோர் புனிதமாக்குக என்னும் வேண்டுதல் காணப்படுகின்றது.

இவ்வேண்டுதல் தோரின் மற்றொரு பணியைக் காட்டுகின்றது. அவன் சம்மட்டி அழிக்கும் படைக்கலம் மட்டுமன்று. புனிதமாக்கும் கருவியும் ஆகும். மணமகளின் மடியிலே அதனை வைத்து மணத்தைப் புனிதப்படுத்தும் வழக்கைப் பழம்பாடல் குறிக்கின்றது. குறுகிய கோடைக்குள் விதைத்து அறுக்க வேண்டிய உழவனுக்கு இடியோடு வரும் மழையே வாழ்வு. கடலோடிக்கும் அவனே துணை. மெலிந்த ஹெல்கி எனப்பட்ட குடியேற்றத் தலைவர் கிறித்துவில் நம்பிக்கை கொண்டிருந்தும், கடற்பயணத்தில் தோரையே அழைத்தார் என ஐஸ்லாந்தின் குடியேற்ற நூல் கூறும். 930ஆம் ஆண்டிலே தோன்றிய அந்நாட்டுப் பேரவை கூடிய நாளும் வியாழக்கிழமையே.

இத்தெய்வத்தின் தோற்றம் யாது? தோர் திரோய் நகரத்து அரச குலத்தவன் என ஸ்நோரியின் நூல் முகவுரை கூறும். அது பழைய தெய்வங்களை மாந்தராக்கிக் காட்ட விழைந்த கிறித்தவக் காலப் புனைவு. உண்மைத் தடயங்கள் மேலும் பழையன. கி.பி. 98இல் எழுதிய உரோம வரலாற்றாசிரியர் தசிற்றஸ், ஜேர்மானியர் ஹேர்க்கியூலிசை வணங்கினர் என்பர். அவர் குறித்தது தண்டேந்திய இவ்வீரத் தெய்வத்தையே என்பது அறிஞர் பலர் கருத்து. கெல்தியரின் தாரானிஸ் என்னும் தெய்வப் பெயரும் இடியைக் குறிப்பதே. லித்துவேனியரின் பெர்க்கூனாஸ் இடிக்கு இறைவன். வேதத்திலே இந்திரன் வச்சிரத்தால் விருத்திரன் என்னும் பாம்பைக் கொல்கின்றான். இவ்வொற்றுமைகளால், இந்தோ-ஐரோப்பிய மொழி பேசிய முன்னோரிடம் இத்தகைய தெய்வம் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர். அதனால் தோரும் இந்திரனும் ஒருவரே என்றாகாது. ஒவ்வொரு நாடும் தன் வானுக்கும் தன் வாழ்வுக்கும் ஏற்பத் தன் தெய்வத்தை வளர்த்தது.

கிறித்தவம் வடக்கே பரவியபோது அதனை எதிர்நின்றவனும் தோரே. 723ஆம் ஆண்டளவில் போனிபாஸ் என்னும் துறவி, ஜேர்மனியின் கைஸ்மார் என்னுமிடத்தில் இடித் தேவனுக்குரிய ஓக் மரத்தை வெட்டி, அம்மரத்தாலே தேவாலயம் எழுப்பினார். 10ஆம் நூற்றாண்டில், சிலுவை அணிவோர் பெருகிய காலத்திலே, சிறு சம்மட்டியைக் கழுத்தில் அணியும் வழக்கமும் பெருகிற்று. டென்மார்க்கின் திரென்கோர்டன் என்னுமிடத்தில் அக்காலத்து மாக்கல் அச்சு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சிலுவையையும் சம்மட்டியையும் ஒருங்கே வார்ப்பதற்கு அதிற் குழிகள் உள. ஒரே கொல்லன் இரு சமயத்தார்க்கும் அணி செய்து விற்றான் போலும்.

அரசவைப் பாடல்கள் ஓடினின் புகழை நிலைநிறுத்தின. உழவரும் மாலுமியரும் பாடல் எழுதி வைத்தவரல்லர். அவர்களுடைய நம்பிக்கை மக்கட் பெயரிலும், கல்லெழுத்திலும், கழுத்தணியிலும், ஒரு கிழமையின் பெயரிலும் தங்கிவிட்டது. ஒரு மக்களின் சமயத்தை எடைபோட முனைவோர் ஏடுகளோடு இவற்றையும் ஒருங்கு வைத்து நோக்குதல் கடனாகும்.