மதுரை: பழைய படத்தில் இருப்பதும் இல்லாததும்

1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், மதுரையைப் படம் பிடித்தார். அப்போது அவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் மகால், வைகையின் தரைப்பாலம் என ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். மதுரையின் மிகப் பழைய புகைப்படங்களில் அவையும் அடங்கும். அந்தப் படங்களோடு அதே இடங்களைப் போய்ப் பார்த்தால், ‘அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது’ என்ற பேச்சு அப்படியே செல்லுபடியாகாது.

மகாலையே எடுத்துக்கொள்வோம். திருமலை நாயக்கர் அதை 1636-இல் கட்டினார். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் அதன் பகுதிகள் பிரிக்கப்பட்டுத் திருச்சிக்குப் போயின. 1792-இல் மதுரைக்கு வந்த ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இங்கே வரைந்தது இடிபாடுகளைத்தான். ட்ரைப்பின் படங்களிலும் மகால் சிதைந்தே கிடக்கிறது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்த பிறகுதான் அது மீண்டது. இன்று மகாலின் சொர்க்கவிலாச மண்டபத்தில் பருத்த தூண்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்க்கும் மாணவர்கள், டேனியல்களும் ட்ரைப்பும் பார்த்ததைவிட நல்ல நிலையில் அதைப் பார்க்கிறார்கள்.

ஆனால் மகாலுக்குக் கிடைத்த கவனிப்பு எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லை. அரண்மனையின் இன்னொரு பகுதியில் எஞ்சியவை பத்தே கருங்கல் தூண்கள். ஜவுளிக் கடைகள் நெருக்கும் பத்துத்தூண் சந்தில் அவை நிற்கின்றன. சரக்கு மூட்டையோடு அவற்றைக் கடந்து போகிறவர்களில் நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

தெருக்களின் கதை வேறு. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலையும் அகழியையும் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அகற்றினார். மதில் இடிந்து, அகழி தூர்ந்த இடத்தில் வெளி வீதிகள் வந்தன. ஊர் வெளியே பரவ வழி பிறந்தது. அவர் நினைவாக எழுப்பிய விளக்குத் தூணையும் ட்ரைப் படமெடுத்திருக்கிறார். தூண் இன்றும் நிற்கிறது. பிளாக்பர்ன் பெயரை ஊர் மறந்துவிட்டது. ‘விளக்குத்தூண்’ என்றால் ஜவுளி வாங்கும் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். கோட்டையில் தப்பிய ஒரு துண்டு பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே இருக்கிறது.

வைகையைக் கடக்க ட்ரைப் காலத்தில் இருந்தது தரைப்பாலம். ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரை அக்கரைதான். 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்த பிறகு வடகரையும் நகரமாக வளர்ந்தது.

மாறாததும் உண்டு. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள் என்ற சதுரக் கட்டம் அப்படியே இருக்கிறது. வீட்டு முகப்புகள் மாறின, திண்ணைகள் போயின, மாடிகள் ஏறின. ஆனாலும் சித்திரைத் திருவிழாவின் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் திரும்புகிறது.

பழைய படங்களைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அவற்றில் தெருக்கள் வெறிச்சோடித் தெரியும். அந்தக் காலக் கேமராவுக்கு நீண்ட நேரம் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்தது. நடந்து போனவரும் ஓடிய மாட்டுவண்டியும் படத்தில் விழவில்லை, அல்லது புகைபோலக் கலங்கலாகவே விழுந்தன. கல்லும் சுவரும் மட்டும் தெளிவாக நின்றன. படத்தில் தெரியும் அமைதியை வைத்து ஊரே அமைதியாக இருந்தது என்று முடிவுகட்டக் கூடாது.

பெரிய கட்டடங்களுக்கு ட்ரைப் கிடைத்தார். சாதாரணத் தெருக்களுக்குக் கிடைக்கவில்லை. அவற்றின் படங்கள் பழைய ஸ்டுடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகளிலும் கல்யாண ஆல்பங்களிலும் கிடக்கின்றன. மணமக்களுக்குப் பின்னால் தெரியும் வீட்டு வாசலும் வரலாறுதான். வீடு மாற்றும்போது அந்தப் பெட்டிகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தெருப்பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள்; அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம் எடுத்து, அதோடு சேர்த்து வையுங்கள்.