55 மடங்கு ஆபத்து: அலுமினிய ஒயரின் கதை

போன மாதம் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது கூடத்து விளக்கு மினுக் மினுக்கென்று விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. பல்பை மாற்றினோம், ஹோல்டரை மாற்றினோம். ம்ஹூம். கடைசியில் எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்க்ரூ பக்கத்தில் ஒயரின் தோல் கருகிக் கிடந்தது.

"அந்தக் காலத்து அலுமினிய ஒயர் தம்பி. ஒயர்ல கோளாறு இல்ல, மாட்டியிருக்கிற இடத்துலதான்" என்றார்.

"அப்புறம் ஏன் ப்யூஸ் போகல?"

"இதுக்கெல்லாம் ப்யூஸ் போகாது."

அந்தப் பதில் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இதே கோளாறு அமெரிக்காவில் ஒரு பெரிய கதையாகவே நடந்திருக்கிறது. பி.காம். படிக்கிறவனுக்கு எதற்கு ஒயர் ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். அதன் ஆரம்பமே நம்ம சப்ஜெக்ட்தான்: விலை :-)

1960களின் நடுவில் அங்கே செம்பு விலை ஏறியது. வீடு கட்டுபவர்கள் அலுமினியத்தின் பக்கம் திரும்பினார்கள். விலை மலிவு, எடையும் குறைவு. மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். ஆனால் ஒரு சைஸ் தடிமனான ஒயர் போட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். ஊர்விட்டு ஊர் போகும் மின்கம்பிகளில் ஏற்கெனவே அலுமினியம்தான் ஓடியது. வீட்டுக்குள் ஏன் கூடாது? 1965க்கும் 1973க்கும் இடையில் கட்டப்பட்ட, அல்லது புதிதாக அறை சேர்க்கப்பட்ட, சுமார் 20 லட்சம் வீடுகளில் இந்த ஒயர் ஏறியது.

கணக்கு சரிதான். கணக்கில் வராமல் போனது, ஒயர் போய்ச் சேரும் ஸ்க்ரூ. அலுமினியம் மெத்தென்ற உலோகம். இறுக்கிய ஸ்க்ரூவுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி விலகும். சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும், ஆறினால் சுருங்கும். காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆக, தொடர்பு தளர்கிறது, தளர்ந்த இடம் சூடாகிறது, சூடானால் இன்னும் தளர்கிறது.

ப்யூஸ் ஏன் போகவில்லை என்பதற்கும் இதில்தான் பதில். ப்யூஸுக்குத் தெரிந்தது கரண்டின் அளவு மட்டும். லூஸ் கனெக்ஷனில் கரண்ட் கூடுவதில்லை, அந்த ஒரு இடத்தில் சூடுதான் கூடுகிறது. 15 ஆம்பியர் ப்யூஸ் பாட்டுக்குச் சும்மா இருக்கும், சுவருக்குள் கருகிக்கொண்டிருக்கும்.

1974 ஏப்ரல் 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸ் என்ற ஊரில் ஒரு வீடு தீப்பிடித்து 2 பேர் இறந்தார்கள். ஒரு பிளக் பாயிண்டில் அலுமினிய ஒயர் இணைப்பு பழுதானதே காரணம் என்று தீயணைப்புத் துறையினர் கண்டறிந்தார்கள். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் இதை விசாரித்தது. அது நடத்திய ஆய்வில் வந்த எண்தான் தலைப்பில் இருப்பது. 1972க்கு முன் தயாரான அலுமினிய ஒயர் உள்ள வீட்டில், ஏதாவது ஒரு பிளக் பாயிண்ட் இணைப்பாவது தீ விபத்துக்கான நிலையை எட்டும் வாய்ப்பு, செம்பு ஒயர் வீட்டைவிட 55 மடங்கு! 55 மடங்கு வீடுகள் எரிந்தன என்று அர்த்தமில்லை. எரியத் தயாராக இருந்தன என்று அர்த்தம்.

ஸ்க்ரூவை இறுக்கிவிட்டால் போதாதா? போதாது, மறுபடி தளரும். செம்பு ஒயரை அதோடு முறுக்கி டேப் சுற்றுவதும் வேலைக்கு ஆகாது. முழுதாகச் செம்புக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்றே உள்ள இணைப்பிகளை விவரம் தெரிந்தவர் போட வேண்டும்.

எனக்கு உறைத்தது வேறு. 1965ல் மிச்சம் பிடித்தவர் வீடு கட்டியவர். பில் வந்து சேர்ந்தது, பல வருடம் கழித்து அந்த வீட்டில் தூங்கியவருக்கு. காஸ்ட் ஷீட்டில் இதற்கு எந்தக் காலமும் கிடையாது.

"இத்தனை வருஷமா நல்லாத்தானேடா எரிஞ்சுது" என்று பாட்டி இன்னும் முணுமுணுக்கிறார். ஆனாலும் அடுத்த வாரம் ரீவயரிங் ஆரம்பம். உங்கள் வீட்டில் ஸ்விட்ச் தொட்டால் சுடுகிறதா, பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வருகிறதா, விளக்கு காரணமில்லாமல் மினுக்குகிறதா? பல்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.