காப்பகத்திலிருந்து பொது மருத்துவமனைக்கு: மதுரையில் மனச்சோர்வு அறியப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மனச்சோர்வு, பதற்றம் முதலிய பரவலான மனநலக் குறைபாடுகள் காலனியக் கால மருத்துவப் பதிவுகளில் அரிதாகவே இடம்பெற்றன. 1960களிலிருந்து மதுரைப் பொது மருத்துவமனையைச் சார்ந்து நிகழ்ந்த ஆய்வுகள் அவற்றை வெளிக்கொணர்ந்தன. அவ்வாய்வுகளின் வரலாற்றையும், அறிவுக்கும் சிகிச்சைக்கும் இடையே நின்ற தொலைவை 2001ஆம் ஆண்டின் ஏர்வாடித் தீவிபத்து காட்டியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, மதுரை, எர்ஸ்கின் மருத்துவமனை, வெங்கோபா ராவ், ஏர்வாடி.

முன்னுரை

தமிழகத்தில் மனநோய் பற்றிய வரலாறு பெரும்பாலும் சென்னைக் காப்பகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1794இல் அங்கு ஒரு காப்பகம் தோன்றியது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய வளாகம் திறக்கப்பெற்றது. 1912ஆம் ஆண்டின் சட்டம் நடுவரின் ஆணைவழிச் சேர்க்கைக்கு முதன்மை அளித்தது. எனவே பிறருக்கு இடையூறு விளைத்தோர் பதிவேட்டில் இடம்பெற்றனர். உறக்கமும் பசியும் இழந்து வீட்டின் மூலையில் ஒடுங்கியோர் பெரிதும் விடுபட்டனர்.

இக்குறைபாடுகளுக்குத் தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. சித்த மருத்துவ மரபு மனநோய்களைக் ‘கிரிகை’ என வழங்கிப் பதினெட்டு வகையாகப் பகுத்தது. மக்கள் வழக்கிலோ மனத்துயர் பெரும்பாலும் உடல்மொழியில் வெளிப்படும். நெஞ்சுப் படபடப்பு, கைகால் அசதி, தலைப்பாரம் என்று முறையிடுவோர் காப்பகத்தை நாடார். பொது மருத்துவரையே நாடுவர்.

எர்ஸ்கின் மருத்துவமனை ஆய்வுகள்

மதுரையின் எர்ஸ்கின் மருத்துவமனை (இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை), 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் பயிற்றிடமாக விளங்கியது. இங்குப் பணியாற்றிய மனநல மருத்துவர் ஏ. வெங்கோபா ராவ், தற்கொலைக்கு முயன்று இம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 114 பேரைப் பற்றிய ஆய்வை 1965இல் வெளியிட்டார். அக்காலத்தில் தற்கொலை முயற்சி இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். சட்டம் குற்றவாளியாகக் கண்டவரை நோயாளியாகக் கண்டு விவரம் கேட்டதே இவ்வாய்வின் வரலாற்றுச் சிறப்பு.

அவ்வாண்டுகளில் மேலை மருத்துவ உலகில் வேறொரு கருத்து வலுப்பெற்றிருந்தது. ஆப்பிரிக்கரிடையே மனச்சோர்வு அரிது என்று கரோத்தர்ஸ் 1953இல் உலக நலவாழ்வு நிறுவன வெளியீட்டில் எழுதினார். கீழை நாட்டினரின் மனச்சோர்வில் குற்றவுணர்வு குறைவு என்ற எண்ணமும் நிலவியது. வெங்கோபா ராவ் 1973இல் இந்தியப் பண்பாட்டில் மனச்சோர்வும் குற்றவுணர்வும் கொண்டுள்ள தொடர்பைத் தனியே ஆராய்ந்தார். 1977இல் நம்மாழ்வாருடன் இணைந்து, மதுரையில் மனச்சோர்வுற்ற 122 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வைப் பிரித்தானிய மனநல இதழில் வெளியிட்டார். 1982இல் மாதவனுடன் மதுரைக்கு அருகிலுள்ள சிறுநகர்ப் பகுதியொன்றில் முதியோரின் மனநலத்தை அளவிட்டார். மருத்துவமனைக்கு வந்தோரிலிருந்து தெருவில் வாழ்வோர்வரை ஆய்வுக்களம் இவ்வாறு விரிந்தது.

சிகிச்சையின் மாற்றமும் இதற்குத் துணைநின்றது. இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை ரோலண்ட் குன் 1957இல் சுவிட்சர்லாந்தில் அறிவித்தார். அதன்பின், வீட்டிலிருந்தே புறநோயாளியாக வந்து மருந்து பெறுவது பலருக்கு இயன்றது. பூட்டிய அறை தேவைப்படாத நோய்க்குப் பொது மருத்துவமனையே பொருத்தமான இடமாயிற்று.

ஏர்வாடியும் அதன் பின்னும்

எனினும் இவ்வறிவு நோயாளிகள் அனைவரையும் எட்டவில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஏர்வாடி தர்கா, மனநோய் தீரும் என்ற நம்பிக்கையுடன் பல சமயத்தவரும் நாடும் தலம். அதன் சுற்றுப்புறத்தில் தனியார் காப்பகங்கள் பெருகின. 2001 ஆகத்து 6 அன்று விடியலில் அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் மாண்டனர். இறந்தோர் தொகை 28 ஆயிற்று. மனநலக் காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1993 முதலே நடைமுறையில் இருந்தது என்பது கருதத்தக்கது.

உச்ச நீதிமன்றம் இந்நிகழ்வைத் தானாகவே வழக்காக ஏற்றது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) சங்கிலியிடுதலைத் தடைசெய்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார் எனவும் வகுத்தது. எர்ஸ்கின் படுக்கையருகே 1965இல் தொடங்கிய பார்வை சட்டத்தில் இடம்பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முடிவுரை

ஏர்வாடியில் பிணைக்கப்பட்டோரும் மதுரையில் பதிவானோரும் ஒரே வகை நோயாளிகள் அல்லர். ஆயினும் இருவரின் நிலையையும் முடிவு செய்தது, குடும்பம் முதலில் எந்த வாயிலை அடைந்தது என்பதே. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் பரவலான மனநலக் குறைபாடு உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை எனக் கண்டது. காய்ச்சலுக்குச் செல்லும் அதே மருத்துவமனையில் மனச்சோர்வும் கேட்டறியப்படும்போது நோயாளி காணப்படுகிறார் என்பது மதுரை ஆய்வுகளால் பெறப்படும் முடிவு. அவ்வாயிலை வட்டார மருத்துவமனைகள்வரை கொண்டுசெல்லும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.